தண்ணீர்க்குதிரையும் தகப்பனுக்காகக் காத்திருந்த சிறுவனும்

வேதபகுதி: 2 சாமுவேல் 12:1-23



விநோத மிருகங்களோடு பிள்ளைகள் நட்புக்கொள்ளும் திரைப்படங்களைக் குறித்து இந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று பெற்றோர் சிலர் கேட்டிருக்கிறார்கள். "வெளிப்படுத்தின விசேஷத்தில் வலுசர்ப்பம் என்றால் சாத்தான் அல்லவா? அப்படிப்பட்ட ஒன்றைத் தோழனாகக் காட்டும் படத்தை நம் பிள்ளைகள் பார்க்கலாமா?" என்பதே அவர்களுடைய கேள்வி. நல்ல கேள்வி. ஆனால் பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். பொதுவான பதிலை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் தன் பிள்ளையோடு பேச முடியாது. ஆகையால் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன்.

அதற்குமுன் ஒரு வார்த்தை. சினிமாக் கொட்டகைக்குப் போவதில்லை என்பது நம் சபைகளில் அநேகர் இரட்சிக்கப்பட்ட நாளிலே எடுத்த தீர்மானம். அதை நான் இலேசாய் எண்ணுகிறவனல்ல. ஆனால் மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் ஓர் அறை வீட்டில், தகப்பனும் தாயும் வேலைக்குப் போயிருக்க, பள்ளி விட்டு வந்த பிள்ளை மாலை ஏழு மணிவரை எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்த அறைக்குள்ளேயே இருக்கின்றன. பார்க்கலாமா என்று நாம் யோசிக்கும் பல படங்களை அவர்கள் ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்டார்கள்.

நான் எடுத்துக்கொள்ளும் படம் 2007ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான 'தி வாட்டர் ஹார்ஸ்'. ஜே ரஸல் என்பவர் இயக்கியது. கதை ஸ்காட்லாந்து தேசத்தில், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டில் நடக்கிறது. ஆங்கஸ் என்னும் சிறுவன் ஏரிக்கரையில் கல்லைப்போன்ற ஒரு பொருளைக் கண்டெடுத்துத் தன் தகப்பனுடைய வேலைக் கொட்டகையில் கொண்டுபோய் வைக்கிறான். அது கல் அல்ல, முட்டை. அதிலிருந்து வெளிவருகிற குட்டிக்குக் 'குரூசோ' என்று பெயரிடுகிறான். தீவில் தனியாய் அகப்பட்ட ராபின்சன் குரூசோவின் பெயர். தாய்க்குத் தெரியாமல் மறைத்து வளர்க்கிறான். அது நாளொரு மேனியாய் வளர்ந்து, கொட்டகை போதாமல், குளியல் தொட்டி போதாமல், கடைசியில் ஏரியில் விடப்படுகிறது. தண்ணீரைக் கண்டாலே அஞ்சுகிற சிறுவன் அதன் முதுகில் ஏறிச் சவாரி செய்கிறான்.

அந்த வீட்டில் ஒரு பீரங்கிப் படை வந்து தங்கியிருக்கிறது. ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் ஏரிக்குள் நுழையாதபடி தண்ணீருக்குள் வலை கட்டியிருக்கிறார்கள். படைத்தலைவன் தன் பீரங்கிகளின் வல்லமையைக் காட்டுவதற்கு ஏரிக்குள் குண்டுகளைச் சுடுவிக்கிறான். அடியில் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. மிரண்டுபோன அந்த மிருகம் தன்னைப் பாலூட்டி வளர்க்காத குறையாக வளர்த்த சிறுவனையே தாக்குகிறது. முடிவில் அது வலையைத் தாண்டிக் கடலுக்குள் போய்விடுகிறது. இந்தக் கதையை ஒரு முதியவர் இரண்டு சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வதாகப் படம் அமைந்திருக்கிறது. அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம் மதுக்கடை. 'பாஸ்டர் அதைச் சொல்லவில்லையே' என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம், சொல்லிவிட்டேன்.

அந்த ஏரி உண்மையான ஏரி. லாக் நெஸ் என்று பெயர். நீளம் ஏறத்தாழ 37 கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 200 மீட்டருக்கும் அதிகம். அந்தத் தேசத்தார் பூர்வத்தில் தண்ணீர்க்குதிரை என்று ஒன்றைச் சொல்லுவார்கள். அது நட்பான மிருகமல்ல. அழகிய குதிரையாய்க் கரையில் நின்று, ஆசைப்பட்டு ஏறுகிற பிள்ளைகளைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். பிள்ளைகள் ஆழத்தண்டை போகாதிருக்கத் தாய்மார் சொன்ன பயமுறுத்தலாய் அது இருந்திருக்கலாம். நம் ஊர்க் கிணற்றங்கரைகளில் நாமும் கேளாததா!

ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குச் சுவிசேஷம் கொண்டுபோன கொலம்பா என்னும் மிஷனெரியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி எழுதப்பட்டிருக்கிறது. அவர் 563ஆம் ஆண்டில் அயோனா என்னும் சிறு தீவில் ஊழியத்தை ஆரம்பித்தவர். நெஸ் ஆற்றங்கரையில் ஒரு மனிதனை நீர்மிருகம் கொன்றுபோட்டதாகவும், பின்பு தன் தோழன் ஒருவன் ஆற்றில் நீந்துகையில் அது எழும்பி வந்ததாகவும், கொலம்பா சிலுவை அடையாளமிட்டுக் கட்டளையிடவே அது ஓடிப்போனதாகவும் அத்தோம்நான் என்பவர் ஒரு நூற்றாண்டுக்குப் பின்பு எழுதிவைத்தார். வேதாகமக் கல்லூரியில் திருச்சபைச் சரித்திரம் படித்தவர்கள் கொலம்பாவின் பெயரை அறிவார்கள். பரிசுத்தவான்களைப் பற்றி எழுதும்போது சற்றுக் கூட்டி எழுதுவது அந்நாட்களின் வழக்கம் என்பதையும் அறிவார்கள். ஆகையால் நான் அதை வேத வசனத்தைப்போலச் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: சுவிசேஷம் வந்தபோது அந்த ஜனங்கள் ஏரியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது பயத்திலிருந்து விடுதலை.

பிற்காலத்துக் கதை வேறு. 1933இல் பத்திரிகைகள் ஏரியில் விநோத மிருகம் காணப்பட்டதாக எழுத ஆரம்பித்தன. 1934 ஏப்ரலில் லண்டன் நாளிதழ் ஒன்றில் ஒரு புகைப்படம் வந்தது: நீண்ட கழுத்தும் சிறிய தலையும் தண்ணீருக்கு மேல். அதை ஒரு மருத்துவர் எடுத்தார் என்றார்கள். மருத்துவர் பொய் சொல்லுவாரா என்று உலகம் நம்பியது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 1994இல் உண்மை வெளிவந்தது. அது விளையாட்டு நீர்மூழ்கிக் கப்பலின்மேல் ஒட்டப்பட்ட ஒரு பொம்மைத் தலை. நான் சொன்ன திரைப்படத்திலும் அந்தப் படம் போலியென்றே காட்டப்படுகிறது. 2018இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் கெம்மல் என்னும் விஞ்ஞானியின் குழுவினர் ஏரித் தண்ணீரை எடுத்து அதிலுள்ள மரபணுக்களைச் சோதித்தார்கள். 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஊர்வன இனத்தின் சுவடே இல்லை. விலாங்கு மீனின் மரபணு மிகுதியாய் இருந்தது.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன்? அந்த ஏரியில் பூர்வகாலத்து மிருகம் உயிரோடிருக்கிறது என்பதைச் சிருஷ்டிப்புக்குச் சான்றாக அமெரிக்காவின் கிறிஸ்தவப் பாடப்புத்தகம் ஒன்றிலேயே அச்சிட்டிருந்தார்கள். 2012இல் அது செய்தியாகி நகைப்புக்கு இடமாயிற்று. நம்மிடத்திலும் குறைவில்லை. இராட்சத மனித எலும்புக்கூட்டைத் தோண்டியெடுப்பதுபோன்ற ஒரு படம், ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்துக்குச் சாட்சி என்று, இன்றும் நம் விசுவாசிகளுடைய கைப்பேசிகளில் சுற்றிவருகிறது. அது 2002இல் ஒரு கணினிப் படப் போட்டிக்காக ஒருவர் செய்தது. சத்திய தேவனுக்குப் பொய்ச் சாட்சி தேவையில்லை. கதையைக் கதை என்று சொல்லிக் காட்டுகிற படத்தினால் நம் பிள்ளைகளுக்கு வரும் கேட்டைவிட, கதையைச் சத்தியம் என்று சொல்லி நாம் அனுப்பிவைக்கிற படங்களினால் வரும் கேடு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இனி வலுசர்ப்பத்தைக் குறித்த கேள்விக்கு வருகிறேன். வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்தில் வலுசர்ப்பம் சாத்தானே, அதில் சந்தேகமில்லை. ஆனால் 1 பேதுரு 5:8இல் பிசாசு சிங்கத்துக்கு ஒப்பிடப்படுகிறான். வெளிப்படுத்தின விசேஷம் 5:5இலோ நம் ஆண்டவரே யூதா கோத்திரத்துச் சிங்கம். ஏதேனில் சர்ப்பம் வஞ்சித்தது. வனாந்தரத்தில் வெண்கலச் சர்ப்பம் உயர்த்தப்பட்டது, அதைத் தமக்கே அடையாளமாக இயேசு நிக்கோதேமுவிடம் சொன்னார். ஒரே மிருகம் ஒரு இடத்தில் ஒன்றுக்கும் மற்றொரு இடத்தில் வேறொன்றுக்கும் அடையாளமாய் நிற்கிறது. லிவியாதானைப் பாருங்கள். ஏசாயா 27:1இல் அது கர்த்தர் தண்டிக்கிற சத்துரு. சங்கீதம் 104:26இலோ சமுத்திரத்தில் விளையாடும்படி அவரே உண்டாக்கின சிருஷ்டி. யோபு 41ஆம் அதிகாரத்தில் அதை ஒரு குருவியைப்போல் பிடித்துப் பெண்பிள்ளைகள் விளையாடக் கட்டிவைக்க உன்னால் கூடுமோ என்னும் கருத்தில் கர்த்தர் யோபைக் கேட்கிறார். கேள்வியில் ஒரு புன்னகை தெரிகிறதென்று நான் நினைப்பதுண்டு.

ஆகையால் மிருகத்தின் உருவத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதிருங்கள். அந்தக் கதையில் யாராவது அதைத் தொழுகிறார்களா, அதனிடத்தில் மந்திர வல்லமை தேடுகிறார்களா, ஆவிகளை அழைக்கிறார்களா என்று பாருங்கள். அப்படிப்பட்ட படங்கள் உண்டு. அவற்றை வீட்டில் அனுமதியாதிருக்க உபாகமம் 18ஆம் அதிகாரம் போதும். ஆங்கஸ் செய்வதோ நாய்க்குட்டியை எடுத்து வளர்க்கிற பிள்ளை செய்வதுதான்: ஊட்டுகிறான், ஒளித்து வைக்கிறான், கடைசியில் போகவிடுகிறான்.

வேதத்தில் இதைப்போன்ற ஒரு கதை உண்டு. ஒரு தரித்திரனுக்கு ஒரே ஆட்டுக்குட்டி. அது அவன் பிள்ளைகளோடே வளர்ந்தது, அவன் வாயின் அப்பத்தில் பங்கு பெற்றது, மடியில் படுத்தது. அது நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதை. அப்படி ஒரு மனிதன் அந்தப் பட்டணத்தில் இல்லை, அப்படி ஓர் ஆடும் இல்லை. நேராய்க் கண்டித்திருந்தால் தாவீது எப்படிக் கேட்டிருப்பான் என்று தெரியாது. ஆனால் இந்தக் கதையைக் கேட்டுக் கோபம் மூண்டு எழுந்தான், அதன்பின் அவனால் தப்பிக்க முடியவில்லை. கதைக்கு அந்த வல்லமை உண்டு. அது நல்ல பக்கமும் இழுக்கும், கெட்ட பக்கமும் இழுக்கும்.

சரி, இந்தத் திரைக்கதை எங்கே இழுக்கிறது? மிருகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அதைத் தவறவிடுவோம். படத்துக்கு மூலம் டிக் கிங்-ஸ்மித் 1990இல் எழுதிய சிறுவர் நூல். நூலில் தகப்பன் கப்பலில் வேலைசெய்கிறவன், உயிரோடிருக்கிறான். படம் எடுத்தவர்கள் அதை மாற்றினார்கள். திரைப்படத்தில் தகப்பன் கடற்படை வீரன். அவனுடைய கப்பல் ஓராண்டுக்கு முன்பே மூழ்கிவிட்டது. அப்பா வரமாட்டார் என்பதை ஆங்கஸ் ஒப்புக்கொள்ளவில்லை, காத்துக்கொண்டிருக்கிறான். அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் முட்டை வருகிறது. பேசத் துணையில்லாத துக்கத்துக்கு அந்தப் பிள்ளை ஒரு தோழனைக் கண்டுகொண்டான். அது கடலுக்குப் போகிறபோதுதான் தகப்பனையும் அவனால் விடமுடிகிறது.

இந்த இடத்தில்தான் படம் நம் வீடுகளுக்குள் வருகிறது.

நம்முடைய ஜனங்கள் பிழைப்புக்காகத் தொலைதூரம் வந்தவர்கள். இங்கே ஒரு தகப்பன் இறந்தால் பலமுறை சரீரம் சொந்த ஊருக்குப் போகிறது. பிள்ளைகள், பரீட்சை என்றோ செலவு என்றோ, அயல்வீட்டில் விடப்படுகிறார்கள். கொரோனா நாட்களில், 2020இலும் 2021இலும், ஆஸ்பத்திரிக்குப் போன தகப்பனைப் பிள்ளைகள் மறுபடி பார்க்கவேயில்லை. பெட்டியையும் பார்க்கவில்லை. "அப்பா எங்கே?" என்று கேட்டபோது, "ஊருக்குப் போயிருக்கிறார்", "வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது" என்று சொன்னோம். பிள்ளை தாங்காது என்றோம். தாங்கமாட்டாதிருந்தவர்கள் பல வேளை நாம்தான்.

2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். ஆட்டுக்குட்டியின் கதை இருக்கிற அதே அதிகாரம். தாவீதின் குழந்தை இறந்துபோயிற்று. சொன்னால் அவனுக்கு என்ன ஆகுமோ என்று ஊழியக்காரர் பயந்து தங்களுக்குள்ளே மெதுவாய்ப் பேசிக்கொண்டார்கள். அந்த மெல்லிய பேச்சிலிருந்தே தாவீது அறிந்துகொண்டான். ஓர் அறை வீட்டில் பிள்ளைக்குக் கேளாதபடி பேச இடம் ஏது? நாம் சமையல் மூலையில் நின்று குசுகுசுவென்று பேசும்போதெல்லாம் பிள்ளை அறிகிறது. நாம் அறியவில்லை என்று நினைத்துக்கொள்வதால் அதுவும் வாய்திறவாதிருக்கிறது. தாவீது நேராய்க் கேட்டான், அவர்களும் நேராய்ச் சொன்னார்கள். அவன் எழுந்து, ஸ்நானம்பண்ணி, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போனான். நான் பிள்ளையினிடத்துக்குப் போவேன், அது என்னிடத்துக்குத் திரும்பி வராது என்று அவனால் சொல்ல முடிந்தது உண்மை தெரிந்த பின்புதான்.

சகோதரி ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். 2021 மே மாதம் கணவரை இழந்தார். நகரத்துக் கல்லறையில் நான்கு பேர் நின்று அடக்கம் செய்தோம். மகனுக்கு அப்போது ஏழு வயது. அப்பா துபாய்க்கு வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு வருஷம் சென்றது. பையன் பாட்டியின் கைப்பேசியிலிருந்து அப்பாவின் எண்ணுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரியவந்தது. ஒரு நாள் பதில் வந்தது. அந்த எண் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அன்று சாயங்காலம் தாய் என்னை அழைத்தார். பாட்டியும் நானும் உட்கார்ந்திருக்க, தாய்தான் சொன்னார். நான் சொல்லவில்லை, அது தாய் சொல்லவேண்டிய வார்த்தை. பையன் அழவில்லை. "அப்படியானால் நான் எழுதினதையெல்லாம் யார் படித்தார்?" என்று கேட்டான். மூன்று நாள் தாயோடு பேசவில்லை. நான்காம் நாள் கல்லறைக்குப் போகவேண்டும் என்றான். கல்லில் இருந்த பெயரையும் தேதியையும் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

இப்படிப்பட்ட வீட்டில் என்ன சொல்வது என்று கேட்பீர்களானால், "இறந்துபோனார்" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். "தூங்குகிறார்" என்று மட்டும் சொல்லாதிருங்கள். சிறு பிள்ளைகள் இரவில் படுக்கப் பயப்படும். வேதத்தில் நித்திரை என்ற சொல் உண்டே என்பீர்கள். உண்டு. யோவான் 11ஆம் அதிகாரத்தில் லாசரு நித்திரையடைந்தான் என்று ஆண்டவர் சொன்னபோது சீஷர்களே தவறாக விளங்கிக்கொண்டார்கள். உடனே அவர் லாசரு மரித்துப்போனான் என்று வெளிப்படையாய்ச் சொன்னார். உயிர்த்தெழுதலைக் கையில் வைத்திருந்தவரே மரணத்தை மரணம் என்று சொல்லத் தயங்கவில்லை. அதன்பின் கல்லறையண்டை கண்ணீரும் விட்டார். அந்த வரிசையைக் கவனியுங்கள். "ஆண்டவருக்கு அப்பா தேவைப்பட்டார், எடுத்துக்கொண்டார்" என்றும் சொல்லாதிருங்கள்; அடுத்து அம்மாவும் தேவைப்படுவாரோ என்று அந்தப் பிள்ளை கணக்குப்போடும், ஜெபத்தில் கண் மூடாது.

திரைப்படத்தின் குறையும் இங்கேதான் இருக்கிறது. தண்ணீர்க்குதிரை ஒரு காலத்தில் ஒன்றே இருக்கும், ஒரு முட்டை இட்டு இறந்துபோகும் என்று அதில் சொல்லுகிறார்கள். முடிவில் வேறொரு சிறுவன் வேறொரு முட்டையைக் கண்டெடுக்கிறான். ஒன்று போனால் மற்றொன்று வரும், அவ்வளவுதான். போன தகப்பனைக் குறித்து அந்தக் கதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரம் நமக்கு இருக்கிறது. அதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், ஆனால் அழுகையை நிறுத்துவதற்காகச் சொல்லாதிருங்கள். அழுத பின்பும் சொல்லலாம். அடுத்த வருஷமும் சொல்லலாம். பிள்ளை வளர வளர அதே கேள்வியை வேறு விதமாய்க் கேட்கும்.

இந்தப் படத்தைக் காட்ட விரும்புகிறவர்களுக்கு: ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும். பீரங்கிக் குண்டுகள் ஏரியில் விழும் காட்சியும், அதன்பின் மிருகம் சிறுவனைத் தாக்கும் காட்சியும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பயமுறுத்தும். தகப்பனையோ தாயையோ இழந்த பிள்ளை வீட்டில் இருக்குமானால் முதலில் நீங்கள் தனியே பார்த்துவிடுங்கள், பின்பு கூட உட்கார்ந்து பாருங்கள்; நடுவில் எழுந்து சமையலுக்குப் போகவேண்டாம். முடிந்தவுடன் பாடம் நடத்தவேண்டாம். "ஆங்கஸ் அம்மாவிடம் ஏன் சொல்லாமல் மறைத்து வைத்தான்?" என்று மாத்திரம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் அன்றே வராமற்போகலாம்.